மூன்றாம் இடத்துக் குறவை

போன மாதம் எங்கள் பழைய ஓடையில் மீன் ஆராய்ச்சிக்காகத் தண்ணீருக்குள் வைக்கும் கேமராவை இறக்கினார்கள். அதற்கு ஒரு சின்ன விழா. ஓய்வு பெற்ற ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, பத்து நிமிடம் அனுபவம் பேசச் சொன்னார்கள். நான் மூன்று நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பாவம், வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். வெட்கமாவது ஒன்றாவது. சொல்ல வந்த விஷயம் மைக்கில் சொல்லுகிற விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

விழா முடிந்து தேநீர் குடிக்கும்போது, அங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் பிள்ளை பக்கத்தில் வந்தாள். அலுமாரியில் என் கையெழுத்தில் இருக்கும் பழைய கொப்பிகளைப் பார்த்திருக்கிறாள். எல்லாப் பக்கமும் சுத்தமாக இருக்க, மூன்றாம் இடம் என்று போட்ட பக்கங்களில் மட்டும், இரண்டு வருடத்து ஆடி ஆவணிக் கணக்குக்கு மேல் குறுக்கே கோடு கீறியிருக்கிறது, ஏன் அக்கா என்று கேட்டாள். மழையில் நனைந்த பக்கமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பொய். உண்மையை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில். சாதாரண தரம் வரை படித்தேன். பிறகு ஏழு வருடம் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில்தான் பதுளையில் இருந்து இல்யாஸ் சேர் வந்தார். மீன்களைப் பற்றிப் படித்து டொக்டர் பட்டம் வாங்கியவர். மலையோடையில் தன்பாட்டில் வாழும் மீன்கள் எந்த மாதத்தில் தங்கள் இடத்துக்காகச் சண்டை பிடிக்கின்றன, எந்த மாதத்தில் விட்டுக்கொடுக்கின்றன, அந்த நேரத்தில் அவற்றின் இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஓடையைத் தெரிந்த, எழுதத் தெரிந்த, சும்மா உட்காரத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று தோட்டத்துத் துரையிடம் கேட்டாராம். கணக்கப்பிள்ளை என்னைக் காட்டிவிட்டார். இருபது அழுகைக்கு நடுவில் உட்கார்ந்து பழகியவளுக்கு ஒரு மீன் முன்னால் உட்காருவது பெரிய காரியமா என்ன?

ஆறு வாரம் பதுளையில் பழக்கினார்கள். தொட்டி மீனில் ஊசி போட்டு இரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். முதல் வாரத்தில் என் கையில் செத்த மீன்களைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. பிறகு ஓடைக்கு அனுப்பினார்கள். அங்கேயே முப்பது வருடம் போய்விட்டது.

எங்களுடைய மீன் குறவை. விராலுக்குக் குட்டைத் தம்பி என்று சொல்லலாம், ஒரு சாண் கூட வராது. கரையோரம் மரவேருக்கு அடியில் பொந்து பிடித்து இருக்கும். எங்கள் ஊவாப் பக்கத்தில் பெரிய மழை ஐப்பசியில்தான் தொடங்கும். அந்த மழைத் தண்ணீர் ஓடையில் இறங்கியதும் ஆண் குறவைக்கு வேறு குணம் வந்துவிடும். செட்டைத் துடுப்பின் ஓரம் அடுப்புத் தணல் மாதிரிச் சிவக்கும். பொந்துக்கு முன்னால் எது வந்தாலும் வாயைத் திறந்துகொண்டு பாயும். பெண் மீன் முட்டை போட்டதும் அவ்வளவையும் இதுவே வாய்க்குள் வாங்கி வைத்துக் காக்கும். குஞ்சு பெரிதாகும் வரை ஒழுங்காகத் தின்னாது. மழை முடிந்து, ஆடி ஆவணியில் காய்ந்த காற்று அடிக்கும்போது பார்த்தால், அதே மீன் பொந்தையும் விட்டு, வீரத்தையும் விட்டு, கீழே ஆழமான தண்ணீரில் நாலோடு ஐந்தாகச் சும்மா கிடக்கும். அந்தக் காற்றில்தான் எங்கள் தேயிலைக்கு நல்ல மணமும் நல்ல விலையும் வரும். மீனுக்கு அது ஓய்வு மாதம்.

ஓடையில் எட்டுப் பொந்தைத் தெரிந்தெடுத்து, ஒன்றிலிருந்து எட்டு வரை இலக்கம் போட்டோம். வேலை விடிந்து ஒரு மணி நேரத்தில் தொடங்கும். முதலில் கல்லில் போய் உட்கார வேண்டும். பத்து நிமிடம் அசையக் கூடாது, அட்டை கடித்தாலும் கையை எடுக்கக் கூடாது. மீன் நம்மை மறந்தபிறகு, இன்னொரு ஓடையில் பிடித்த ஆண் குறவை ஒன்றைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, கயிற்றில் கட்டி, பொந்துக்கு ஒரு சாண் தள்ளி இறக்க வேண்டும். கையில் நிறுத்தற் கடிகாரம். வீட்டுக்காரன் எத்தனை நொடியில் வெளியே வந்தான், எத்தனை தடவை செட்டையை விரித்தான், போத்தலை எத்தனை தடவை கடித்தான் என்று பத்து நிமிடம் எண்ணிக் கோடு கோடாகப் போட வேண்டும்.

மாதத்துக்கு ஒருமுறை இரத்தம். கைவலையில் எடுத்த நொடியில் இருந்து ஊசி குத்தும் வரை மூன்று நிமிடம்தான். ஈரத் துணியில் சுற்றி, கண்ணை மூடி, வாலுக்குக் கொஞ்சம் மேலே மெல்லிய ஊசியை ஏற்றி, சொட்டு இரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, மத்தியான பஸ்ஸில் பதுளைக்கு அனுப்ப வேண்டும். மூன்று நிமிடம் தாண்டினால் அந்த இரத்தத்தைக் கொட்டிவிடச் சொல்வார் சேர். அதற்கு மேல் வருவது மீனுடைய கணக்கு இல்லை, பயத்துடைய கணக்கு என்பார்.

இல்யாஸ் சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. துணி அளக்கிற மாதிரியே எதையும் இரண்டு தரம் அளப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சண்டை என்ற சொல்லைக் கொப்பியில் எழுதவே விடமாட்டார். மீன் என்ன செய்ததோ அதை எழுது, பேர் வைக்கிற வேலை பிறகு என்பார். நான் எதையாவது சொன்னால், அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"செல்வராணி, இது நீங்க கண்டதா, நெனச்சதா?"

கண்டது என்றால் எழுதுவார். நினைத்தது என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நடப்பார். தோட்டத்தில் எங்கள் ஆட்களிடம் யாரும் அப்படிக் கேட்டதே கிடையாது. நாங்கள் கண்டதும் நினைத்ததும் யாருக்கு வேண்டும்? காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும்போது, இன்றைக்கு இன்ன மலையில் வேலை என்று சொல்வார்கள், போவோம். கேட்டதற்குப் பதில் சொல்வோம். கேட்காததைச் சொன்னால் வாய் நீளம் என்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இரத்தத்தில் ஊறியது. நான் செய்த பிழைக்கு அதைச் சாக்காகச் சொல்லவில்லை, காரணமாகச் சொல்கிறேன்.

இப்போது மூன்றாம் இடத்துக்கு வருகிறேன்.

எட்டு இடத்தையும் தெரிந்தெடுத்தது சேர். ஓடையோரமாக நடந்து வந்து, ஒரு பெரிய பாறைக்குக் கீழே இருந்த குழியைப் பார்த்து, இது நல்ல இடம், மூன்று என்று போடுங்கள் என்றார். என் அண்ணன் ராசு செத்த இடம் அது. பத்தொன்பது வயது. வேலை விட்டு வந்து அந்தக் குழியில் குளித்துக்கொண்டிருக்கும்போது ஆடிக் காற்றில் சவுக்கு மரம் ஒன்று முறிந்து அவன்மேல் விழுந்தது. அது நடந்து அப்போதைக்கு ஆறு வருடம். அன்றே நான் சேரிடம், இந்த இடம் வேண்டாம் சேர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று என்று எழுதினேன்.

அம்மா அந்த இடத்தை விடவே இல்லை. அண்ணன் போன மறுவருடம் ஆடி பிறந்ததும், விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில், கைப்பிடிச் சோற்றில் நெத்தலிக் கருவாட்டைப் பிசைந்து கொண்டுபோய்க் குழியில் போட்டாள். அவனுக்கு அதுதான் பிடித்த சாப்பாடு. வேருக்கடியில் இருந்து ஒரு குறவை வந்து வாங்கியது. சுற்றி வந்த பொடி மீனையெல்லாம் விரட்டி விரட்டி அடித்துவிட்டுத் தானே தின்றது. அண்ணனும் அப்படித்தான், அவன் தட்டில் இன்னொருவர் கை வைக்க முடியாது. அதைப் பார்த்து அம்மா சிரித்தாளாம். மகன் போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதிலிருந்து ஆடி, ஆவணி இரண்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் சோறு போனது. லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

எங்கள் கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசைக் கட்டம் இருந்தது. வானம், தண்ணீர் மட்டம், தண்ணீர்ச் சூடு, காற்று. கடைசிக் கட்டம் ஆள் நடமாட்டம். குளிக்க வந்தவர், துணி துவைத்தவர், மாடு கழுவியவர் என்று யார் வந்தாலும் எழுத வேண்டும். மூன்றாம் இடத்தில் அந்தக் கட்டத்தில் நான் இல்லை என்று எழுதினேன். இரண்டு ஆடி, இரண்டு ஆவணி, ஒவ்வொரு நாளும் இல்லை. அம்மா வந்து போனபிறகுதான் நான் போய் உட்காருவேன், என் கண்ணில் யாரும் படவில்லை என்று மனதுக்குள் ஒரு சமாதானம். அம்மாவை எப்படி நடமாட்டம் என்று எழுதுவது? மகனுக்குச் சோறு கொண்டுபோகிறவளை மாடு கழுவுகிறவனை எழுதும் கட்டத்தில் எழுத என் கை வரவில்லை. படித்த மனிதர் பார்த்துச் சிரித்துவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. அவர் சிரிக்கிறவர் இல்லை என்று தெரிந்தும் பயந்தேன்.

முதல் ஆடியில் மற்ற ஏழு பொந்தும் காலி. மூன்றாம் இடத்துக் குறவை மட்டும் ஐப்பசியில் கடிக்கிற மாதிரிப் போத்தலைக் கடித்தது. பதுளையில் இருந்து இரத்தக் கணக்கு வந்தது. சண்டையைத் தூண்டும் ஹோர்மோன் அந்த மீனிலும், கீழே ஆழத்தில் பிடித்த மற்ற மீன்களைப் போலவே அடிமட்டத்தில் கிடந்தது. உடம்பில் சண்டைக்கான சரக்கே இல்லாமல் ஒரு மீன் இடத்தைக் காக்கிறது. அடுத்த வருடமும் பார்ப்போம் என்றார் சேர். அடுத்த ஆடியிலும் அப்படியே. அன்றைக்கு அவர் பாறையில் உட்கார்ந்து, பையில் இருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து, பாதியை எனக்குத் தந்தார். அவருடைய சந்தோஷம் அவ்வளவுதான் வெளியே தெரியும். பருவமும் ஹோர்மோனும் இல்லாமலே இடப்பற்று இருக்கலாம், இதை இந்த நாட்டில் யாரும் மலையோடையில் காட்டியதில்லை, கொழும்பில் ஒரு பெரிய கூட்டத்தில் இதைத்தான் பேசப் போகிறேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, எதுவும் விட்டுப் போகவில்லையே என்று கேட்டார்.

"இல்லீங்க சேர்" என்றேன். என் பாதித் தோடம்பழத்தைத் தின்னாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள், பிந்தி எழும்பிய அவசரத்தில் அம்மா இருக்கும்போதே ஓடைக்குப் போய்விட்டேன். அவள் பாறையில் குனிந்தாள். சோறு இன்னும் கையில்தான் இருந்தது. அவளுடைய நிழல் தண்ணீரில் விழுந்ததுமே குறவை வெளியே வந்து நின்றது. அந்தக் குழியை அது எதற்காகக் காக்கிறது என்று எனக்கு அதற்குமேல் ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சொன்னால் சேருடைய இரண்டு வருடம் மண்ணாய்ப் போகும். அம்மாவின் சோற்றுக்கும் என்ன நடக்கும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் என்னுடைய பொய் அவருடைய பேரைப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போகும். மூன்று வாரம் இதை வைத்துக்கொண்டு திரிந்தேன். எதைத் தின்றாலும் மண்ணாகத்தான் இருந்தது.

அவர் கொழும்புக்குப் புறப்பட்ட நாளில் ஸ்டேஷனுக்கு நடந்து போனேன். தோட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு, தெமோதரையிலேயே ரயில் ஏறுவதாகச் சொல்லியிருந்தார். வாங்கில் உட்கார்ந்து பேச்சை வாசித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன், சோறு, கருவாடு, நான் எழுதிய இல்லை. ஒன்றையும் விடவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கண்டதா, நெனச்சதா?"

"சோறு போடுறது கண்டது சேர். சோத்துக்குத்தான் காக்குதுங்குறது நெனச்சது."

"நல்லது. அப்ப அத எழுதேலாது. இதையும் பேசேலாது" என்றார். கையில் இருந்த கடதாசியில் நான்கு பக்கத்தை உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே அண்ணனுக்கு எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். கூட்டத்தில் ஏழு இடத்தைப் பற்றி மட்டும் பேசினாராம், நேரம் முடியும் முன்பே இறங்கிவிட்டாராம். அடுத்த முறை தோட்டத்துக்கு வந்தபோது கொப்பியையும் கோடு போடும் அடிமட்டத்தையும் என் முன்னால் வைத்து, நீங்களே கீறுங்கள் என்றார். கீறினேன். அந்தப் பிள்ளை பார்த்த கோடு அதுதான்.

வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. காரணம் சோறுதானா என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. எல்லாம் பழையபடி நடக்க வேண்டும், அம்மா வர வேண்டும், குனிய வேண்டும், சோறு மட்டும் நிற்க வேண்டும். சேருக்கும் அது தெரியும். நான் வாயெடுத்ததுமே கையைக் காட்டித் தடுத்தார். ஒரு தாயிடம் அதைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை, அந்த இடத்தை விட்டுவிடுவோம், ஏழு போதும் என்றார். அவர் பெரிய மனிதர். நான் அப்படி இல்லை. பொய் எழுதிய கொப்பியில் ஒரு உண்மையாவது எழுத வேண்டும் என்று எனக்கு வெறி. என் மனப் பாரத்தை இறக்க அம்மாவின் தலையில் கை வைத்தேன்.

அடுத்த ஆடிக்குப் பத்து நாள் இருக்கும்போது கேட்டேன். அம்மா வேலை விட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்த கை அப்படியே நின்றது.

"யாருடி கேக்குறா? அந்த டொக்டரா?"

"இல்லம்மா. நாந்தான்."

"ஒன் கொப்பிக்காக எம்புள்ள பட்டினி கெடக்கணுமா?"

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் போய்விடுவாள். நானும் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவு பிடிவாதம் எனக்கு. ஐந்தாம் நாள் அடுப்படியில் இருந்தபடி, எத்தனை நாள் என்று கேட்டாள். இரண்டு மாதம் என்றேன். அவன் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்றாள். பிறகு தானே, "சரி, வெறுங்கையோட வாறேன். என்னையாவது பாக்கட்டும்" என்றாள்.

அந்த வருடம் ஒவ்வொரு குறவைக்கும் முதுகுச் செட்டையில் நைலோன் நூலால் ஒரு சின்னப் பாசிமணி தைத்திருந்தோம், மாறிப்போகாமல் இருக்க. அம்மா சம்மதித்ததைச் சொன்னதும் சேர் மூன்றாம் இடத்தையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார், அந்த மீனுக்கு மஞ்சள் மணி. ஆடி முதல் நாள் அம்மா குனிந்ததும் மஞ்சள் மணி வெளியே வந்தது. தண்ணீர் மட்டத்துக்கு வந்து நின்றது. அம்மா கையை விரித்து உள்ளங்கையைக் காட்டினாள், சின்னப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி. பிறகு எழுந்து பெரட்டுக்குப் போனாள். நான் போத்தலை இறக்கினேன். அது கடித்த கடியில் கயிறு ஆடியது. அம்மா மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். ஆடி அமாவாசைக்கு லயத்தில் எல்லா வீட்டிலும் செத்தவர்களுக்குப் படையல் வைத்தார்கள். அன்றைக்கும் அம்மா வெறுங்கையோடுதான் வந்தாள். அன்று அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி நான்.

கடி குறைந்துகொண்டே வந்தது. பிறகு செட்டையை மட்டும் விரித்தது. பிறகு வெளியே வந்து போத்தலைச் சும்மா பார்த்துவிட்டு உள்ளே போனது. ஆவணி தொடங்கிய முதல் வாரத்தில் அம்மா குனிந்தபோது எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் குச்சியால் மெல்ல வேரைத் தட்டிப் பார்த்தேன். பொந்து காலி.

"எங்கடி போயிருக்கும்?" என்றாள் அம்மா.

கீழே ஆழத்துக்குப் போயிருக்கும், காற்று மாதத்தில் எல்லா மீனும் அங்கேதான் போகும் என்றேன். எல்லா மீனுமா என்று கேட்டாள். எல்லாம்தான், இது மட்டும்தான் இத்தனை நாள் போகாமல் இருந்தது என்றேன். தான் போட்ட சோற்றுக்காகவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, மேலே இருந்து சங்குச் சத்தம் கேட்டது, அவள் எழவில்லை.

"அப்ப இத்தன வருசமா நாந்தான் எம்புள்ளயப் போகவிடாம சோத்தக் காட்டிப் புடிச்சு வச்சிருந்தேனா?"

இல்லை அம்மா என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் கண்டது அது இல்லையே. அடுத்த நாளில் இருந்து அவள் ஓடை வழியை விட்டு மேல் ரோட்டால் சுற்றிப் பெரட்டுக்குப் போகத் தொடங்கினாள். நெத்தலி வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். கொழுந்து எடுத்தாள், சமைத்தாள், படுத்தாள். அண்ணன் செத்த வருடத்தில் கூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. மகனைத் தேடிப் போக ஓர் இடமாவது அவளுக்கு இருந்தது, அதையும் நான் பறித்துவிட்டேன். சேர் கணக்கைப் பார்த்துவிட்டு, இப்போது எழுதலாம் செல்வராணி, இரத்தத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் தீனி நிலையாக வந்தால் மீன் இடம் காக்கும், இது சின்ன விஷயம்தான், ஆனால் உண்மையான விஷயம் என்றார். எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்றும் கேட்டார். நல்லா இருக்காங்க சேர் என்று இன்னொரு பொய் சொன்னேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை பிந்தித்தான் வந்தது. வந்தது அடைமழை. மூன்று நாள் ஓடைக்குள் இறங்கவே முடியவில்லை. நான்காம் நாள் தண்ணீர் கொஞ்சம் தெளிந்ததும், குடையைப் பாறையிடுக்கில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றாம் இடத்தில் மீன் திரும்பியிருந்தது, இரண்டிலும் இருந்தது. மூன்றில் போத்தலை இறக்கி முழுதாக ஐந்து எண்ணியிருக்க மாட்டேன். வேருக்குள் இருந்து பாய்ந்து வந்து கண்ணாடியில் மோதியது. செட்டை ஓரம் செக்கச்செவேல் என்று இருந்தது. போத்தலைக் கடித்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பியபோது முதுகைப் பார்த்தேன். மஞ்சள் மணி.

பத்து நிமிடமும் எண்ணி முடித்தேன், அதை விட்டுவிட்டு ஓடவில்லை. பிறகு கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மலையேறினேன். மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் கூடையும் சாக்குமாக மழையில் வரிசையில் நின்றார்கள். அம்மா நடுவில் நின்றாள், தலைக்கு மேல் கறுப்புப் பொலித்தீன். எனக்கு மூச்சு வாங்கியது. கையைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்துச் சொன்னேன், மூன்றாம் இடத்துக்கு மீன் வந்துவிட்டது, வேறு மீன் இல்லை, நாங்கள் மணி தைத்த அதே மீன்தான் என்று.

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீ சோறு போட்டியா?"

"இல்லம்மா."

"வேற யாரும் போட்டாங்களா?"

"யாரும் போடலம்மா. மழைக்கு அதுவா வந்திருக்கு. வருசா வருசம் வரும்."

"சோறு போடாமலா?"

"போடாமத்தாம்மா."

கூடையை இறக்கிச் சேற்றிலேயே வைத்தாள். பிறகு அழுதாள். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குப் பிறகு அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். தராசுப் பக்கம் நின்ற கணக்கப்பிள்ளை, பாக்கியம், என்ன நடந்தது என்று அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். அம்மா பொலித்தீன் ஓரத்தால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. எம்புள்ள மழைக்கு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள்.